உப்புப் பார்க்காத பண்டாரி

என்னைப் போல வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் யாராவது இதைப் படித்தால், அவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் நன்றாக இருக்கிறேன். நோய் போகவில்லை. அது போகாத நோய். ஆனாலும் போன வாரம்கூடப் பழனியில் ஒரு கல்யாணத்துக்கு பிரியாணி ஆக்கி இறக்கிவிட்டு, என் சொந்தக் காலில் பஸ் ஏறி வீடு வந்து சேர்ந்தேன்.

நான் கொடைக்கானல் பஜாரில் குடியிருக்கும் பண்டாரி. பெயர் காதர் மைதீன். எங்கள் ராவுத்தர் வீடுகளில் கல்யாணம், சுன்னத்து, மௌலூது என்று பெரிய அடுப்பு மூட்டினால் அதற்கு ஆக்கிப்போட வருகிறவன்தான் பண்டாரி. செண்பகனூரில் பாதிரிமார் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்தேன், அதனால் எழுத வருகிறது. எழுதச் சொன்னது எங்கள் மிஷன் ஆஸ்பத்திரி டாக்டரம்மா. "பாய், நீங்க வாயால சொன்னா வார்டே வேலை பாக்காம நின்னுடுது. எழுதிக் குடுத்துட்டா மத்த பேஷண்ட்ஸ் படிச்சுக்குவாங்க" என்றார். அவருடைய கிண்டலுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

நோயைச் சொல்வதற்கு முன்னால் என் தொழிலில் ஒரு வழக்கத்தைச் சொல்லவேண்டும். உலை கொதித்து, கறியும் மசாலாவும் கூடி வந்ததும், அரிசி போடுவதற்கு முன்னால் கல்யாண வீட்டுப் பெரியவர் அடுப்படிக்கு வந்து நிற்பார். பண்டாரி கரண்டியில் அள்ளி, உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு, நக்கிப் பார்த்து, கண்ணை மூடித் திறந்து, "சரியா இருக்குங்க" என்று சொல்லவேண்டும். அதற்குப் பிறகுதான் அரிசி விழும். பெரியவரும் நிம்மதியாகப் போய் வெற்றிலை போடுவார். பண்டாரி உப்புப் பார்க்காமல் தேக்சா அண்டாவை மூடினான் என்று எங்கள் பக்கத்தில் யாரும் கேள்விப்பட்டதில்லை.

ஒரு சொட்டு என்பதெல்லாம் பெரியவர் நிற்கும்போதுதான். அவர் வருவதற்கு முன்னும் போன பின்னும் பண்டாரியின் வாய் ஓயாது. கறி வெந்ததா என்று ஒரு துண்டு, தால்சாவில் புளி ஏறியதா என்று ஒரு கரண்டி, மேலே மிதக்கும் நெய்யில் பட்டை வாசம் இறங்கியதா என்று இன்னொரு கரண்டி. ஒரு கல்யாணத்தில் ருசி பார்த்தே ஒரு டம்ளர் நெய்யை உள்ளே தள்ளியிருப்பேன். அது எனக்குப் பெருமையாகவும் இருந்தது.

நயா பைசா புழக்கத்துக்கு வந்த புதிதில் எனக்கு இந்த வலி ஆரம்பித்தது. மேல் வயிற்றில் பிடித்து, நேராக முதுகுக்குத் துளைத்துக்கொண்டு போகும். நிமிர்ந்தால் கொல்லும். முழங்காலைக் கட்டிக்கொண்டு முன்னால் குனிந்தால் கொஞ்சம் விடும். சாப்பிட்ட பிறகுதான் வரும், அதிலும் நன்றாகச் சாப்பிட்டால் கட்டாயம் வரும். வாயு என்றார்கள், சூடு என்றார்கள், கண்ணேறு என்று மிளகாய் சுற்றிப் போட்டார்கள். பஜாரில் ஒரு கம்பவுண்டர் குடல் புண் என்று சொல்லி, வேளை தவறாமல் பால் குடிக்கச் சொன்னார். எங்கள் மலைப் பாலைப் பற்றித் தெரிந்தவர்களுக்குத் தெரியும், ஆறினால் ஆடையைக் கரண்டியால்தான் வெட்டி எடுக்கவேண்டும். அந்தப் பாலை விசுவாசமாகக் குடித்தேன், வலி இரண்டு மடங்கானது.

உடம்பு கரைந்தது. சட்டை ஆணியில் தொங்குவதுபோல என் மேல் தொங்கியது. இங்கே ஒன்றை வெட்கப்படாமல் எழுதச் சொல்லியிருக்கிறார் டாக்டரம்மா. வெளிக்குப் போனால் எண்ணெய் மிதக்கும். தண்ணீர் ஊற்றினாலும் போகாமல் ஒட்டிக்கொள்ளும். இதை நான் என் மனைவி பாத்துமாவிடம்கூட வாய்விட்டுச் சொல்லவில்லை. இப்படி இருக்கிறவர்கள் முதல் நாளே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், அதுதான் நோயைக் காட்டிக் கொடுக்கும் அடையாளம்.

பாத்துமாவின் அண்ணன் சுல்தான் பஜாரில் கறிக்கடை வைத்திருக்கிறார். என் மேல் உயிர். நான் இளைத்துப் போவதைப் பார்த்து அவருக்குத் தூக்கம் போயிற்று. வெள்ளனே ஆட்டுக்கால் பாயா காய்ச்சி, தூக்குச்சட்டியில் மூடி, குளிரில் மப்ளரைக் காதில் சுற்றிக்கொண்டு கொண்டுவந்து வைப்பார்.

"குடிங்க மாப்ளே. நல்லி எலும்பு, மன்னவனூர் ஆடு. ரெண்டே வாரத்துல எந்திரிச்சு ஓடுவீங்க."

குளிருக்கு நெய், தெம்புக்குப் பாயா. எங்கள் மலையில் வைத்தியம் இவ்வளவுதான். பக்கத்து வீட்டு ஆசிரியை மேரி அக்கா வெண்ணெய் கொடுத்தனுப்பினார். கல்யாண வீடுகளிலிருந்து எனக்கென்று தனியாகக் கொழுப்புத் துண்டு எடுத்துவைத்தார்கள். என் மேல் பிரியமாக இருந்தவர்கள் எல்லோரும் கொழுப்பைக் கொண்டுவந்து கொட்டினார்கள், நான் ஒவ்வொரு உபசாரத்துக்கும் பிறகு சுருண்டு படுத்தேன். ஒருத்தர் மேலும் குற்றம் சொல்ல முடியாது. அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் பாயாதான் கொண்டுபோயிருப்பேன்.

கடைசியில் பண்ணைக்காட்டில் ஒரு கல்யாணத்தில் விழுந்தேன். பெரியவர் வந்து நின்றார், உள்ளங்கையில் சொட்டு விட்டு நக்கினேன், "சரியா இருக்குங்க" என்றேன். அரிசி போட்டுத் தம் கட்டியதும் வலி பிடித்தது. விறகுக் குவியலுக்குப் பக்கத்தில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உருண்டேன், வாந்தி எடுத்தேன். மதுவிலக்கு இருந்த காலம். மலையில் யார் எங்கே காய்ச்சுகிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். கூட்டத்தில் ஒருவர் இன்னொருவரிடம் சொன்னது என் காதில் தெளிவாக விழுந்தது.

"பண்டாரி போட்டுட்டு வந்துருக்காரு போல."

ஒரு சொட்டு சாராயம் தொடாதவன் நான். வலியோடு வலியாக அந்தச் சொல்லும் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. லாரியில் மூட்டைகளுக்கு நடுவில் கிடத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள்.

டாக்டரம்மா நாசரேத்துப் பக்கத்துக்காரர். கண்ணாடிக்கு மேலே பார்ப்பார், அதிகம் பேசமாட்டார். வயிற்றை அழுத்தினார், முதுகைத் தட்டினார், வெளிக்குப் போவது எப்படி என்று நேராகக் கேட்டார். சொன்னேன். "இதை ஏன் இவ்வளவு நாள் யாரும் கேக்கல?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அன்றிலிருந்து வாய் வழியாக ஒன்றும் கூடாது. மூக்கு வழியாக ஒரு ரப்பர் குழாயை வயிற்றுக்குள் விட்டு, அங்கே ஊறுவதை வெளியே எடுத்தார்கள். கையில் குளுக்கோஸ் ஏறியது. வலி தாங்காதபோது ஊசி போடுவார்கள், உடம்பு மிதப்பதுபோல இருக்கும். ஊசியின் வேகம் இறங்கியதும் ஓலைப்பெட்டியில் போட்டு உருட்டியதுபோல எல்லா இடமும் வலிக்கும்.

வார்டு ஜன்னலுக்கு வெளியே மேகம் வந்து நிற்கும். நர்ஸ் சிஸ்டர் எஸ்தர் ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயில் நீல மருந்து ஊற்றி, என் சிறுநீரில் சில சொட்டு விட்டு, விளக்கில் காய்ச்சுவார். நீலம் நீலமாகவே இருந்தால் நல்லது. பச்சை, மஞ்சள், செங்கல் நிறம் என்று மாறினால் சர்க்கரை வந்துவிட்டது என்று அர்த்தம். இந்த நோயில் சர்க்கரையும் சேர்ந்து வரலாமாம். தினமும் அந்தக் குழாயின் நிறத்தைப் பார்க்கப் பயந்து நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வேன். "ப்ளூதான் பாய், திரும்புங்க" என்பார் எஸ்தர்.

பசியோடு படுத்திருக்கும் சமையல்காரனுக்கு மூக்கு ஒன்றுதான் வேலை செய்யும். ஆஸ்பத்திரி அடுப்படியிலிருந்து வருகிற வாசத்தை வைத்து நான் எஸ்தரிடம் சொல்வேன்: இன்றைக்குச் சாம்பாருக்குத் தாளித்த வெந்தயம் கருகிவிட்டது, இன்றைக்குக் கஞ்சி அடிப்பிடிக்கப் போகிறது, போய்க் கிளறச் சொல்லுங்கள். ஒரு நாள் அவர் உண்மையிலேயே ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "அடிப்பிடிச்சிருச்சு பாய், நீங்க கொஞ்சம் வெரசாச் சொல்லிருக்கலாம்" என்றார். பண்ணைக்காட்டுக்குப் பிறகு நான் சிரித்தது அன்றைக்குத்தான்.

கொஞ்சம் தெளிந்ததும் மதுரைக்குப் போய் எக்ஸ்ரே எடுத்துவரச் சொன்னார் டாக்டரம்மா. சுல்தான் மச்சான் கூட வந்தார். வத்தலக்குண்டு வரைக்கும் பஸ் ஒவ்வொரு வளைவில் திரும்பும்போதும் என் தோளைப் பிடித்துக்கொண்டார், அவருக்குத்தான் வாந்தி வந்தது. மதுரையில் எக்ஸ்ரே எடுக்கும் இடத்தில் நெடுநேரம் பெஞ்சில் காத்திருந்தோம். பெஞ்சில் இருந்த எல்லோரும் மற்றவர்கள் முகத்தைப் பார்த்து, அவர்களுக்கு என்ன நோய் என்று மனசுக்குள் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தோம். அங்கே இருந்த இளம் டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்தார். முதுகெலும்புக்குக் குறுக்கே வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள். எனக்குக் கல்லுப்பைத் தூவியதுபோலத் தெரிந்தது.

"ரொம்ப வருஷமாக் குடியோ?" என்று கேட்டார் அவர்.

நான் வாயைத் திறப்பதற்குள் மச்சான் எழுந்துவிட்டார்.

"ஏங்க, எங்க மாப்ள கலர் சோடா குடிச்சாலே மூக்குல ஏறிடுச்சுன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிவாரு. அவரைப் பாத்தா கேக்குறீங்க? நான் வேணும்னா அல்லா மேல ஆணையாச் சொல்றேன்!"

டாக்டர் நல்ல மனிதர், மன்னிப்புக் கேட்டார். ஆனாலும் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. மதுரை டாக்டரே கேட்கிறார் என்றால் ஊர் என்ன நினைக்கும்? குடிகாரப் பண்டாரி என்று பெயர் வந்துவிட்டால் எந்தப் பள்ளிவாசலில் கஞ்சி காய்ச்ச விடுவார்கள்?

படத்தைப் பார்த்துவிட்டு டாக்டரம்மா எனக்கு விளங்கும்படி சொன்னார். இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டிக் குறுக்கே ஓர் உறுப்பு கிடக்கிறது. அதற்குக் கணையம் என்று பெயர். சாப்பிட்ட கொழுப்பைக் கரைக்கிற சாறு அதில்தான் ஊறுகிறது, அது ஒரு குழாய் வழியாகக் குடலுக்குப் போகவேண்டும். எனக்கு அந்தக் குழாயில் சுண்ணாம்புக் கல் கட்டிவிட்டது. சாறு போக வழியில்லாமல் உள்ளேயே நின்று கணையத்தையே அரிக்கிறது. நான் நெய் சாப்பிடும்போதெல்லாம் சாறு இன்னும் ஊறும், வலி இன்னும் ஏறும். குடலுக்குச் சாறு போய்ச் சேராததால் சாப்பிட்ட கொழுப்பு அப்படியே வெளியே போய்விடுகிறது, அதனால்தான் உடம்பு கரைகிறது.

"ஆபரேஷன்?" என்று கேட்டேன்.

"இப்ப வேணாம். அது பெரிய ரிஸ்க். சாப்பாட்டால பிடிச்சு வைப்போம்."

"அம்மா, இது குடிக்கிறவங்களுக்குத்தான் வருமா?"

அவர் கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தார். பார்வையாளர் நேரம், பஜார்க்காரர்கள் ஏழெட்டுப் பேர் கட்டில்களைச் சுற்றி நின்றுகொண்டிருந்தார்கள். எப்போதும் மெதுவாகப் பேசுகிற டாக்டரம்மா அன்றைக்கு வார்டு முழுக்கக் கேட்கும்படி குரலை உயர்த்தினார்.

"குடிக்கிறவங்களுக்கு வரும். குடியே தெரியாதவங்களுக்கும் வரும். மலையாளக் கரைப் பக்கம் சின்னப் பிள்ளைங்களுக்கே வருது, ஏன்னு இன்னும் யாருக்கும் தெரியல. காதர் பாய்க்கு வந்தது குடியால இல்ல. நான் சொல்றேன்."

அன்று மாலையே இது பஜார் முழுவதும் போய்விட்டது. பாத்துமா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். எனக்கும் கண் நிறைந்தது. மருந்து செய்யாத ஒன்றை டாக்டரம்மாவின் அந்தச் சத்தம் செய்தது. அன்றைக்கு நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

மெல்ல மெல்ல வாய் வழியாகக் கஞ்சித் தண்ணீர் கொடுத்தார்கள். அது தங்கியது. பிறகு குழைந்த சோறு, மிளகு ரசம். அப்போதுதான் சுல்தான் மச்சானுக்குப் பொறுக்கவில்லை. மனுஷனை இப்படித் தண்ணீரைக் கொடுத்தே கொல்கிறார்களே என்று, சால்வைக்குள் ஒரு தூக்குச்சட்டியை மறைத்துக்கொண்டு வந்தார். எஸ்தர் அந்தப் பக்கம் போனதும் மூடியைத் திறந்தார். பாயா. அந்த வாசத்தை என்ன சொல்ல! நான் வேண்டாம் என்றுதான் சொன்னேன், ஆனால் சொல்லிக்கொண்டே கையை நீட்டிவிட்டேன்.

விடிவதற்குள் மறுபடியும் ரப்பர் குழாய், மறுபடியும் குளுக்கோஸ். கட்டில் காலடியில் மச்சான் உட்கார்ந்து தன் தலையில் அடித்துக்கொண்டார். "நாந்தான் கொன்னேன், இத்தன வருசமா நாந்தான் நல்லி எலும்பு குடுத்துக் கொன்னேன்" என்று அழுதார். டாக்டரம்மா அவரை வெளியே அழைத்துப்போய் என்ன சொன்னாரோ தெரியாது. அன்றிலிருந்து அவர் கடையில் எனக்கென்று வரும் கறியில் ஒரு நூல் கொழுப்பு இருக்காது. கத்தியை வைத்து அவர் அதைச் சீவும் அழகைப் பார்க்கவேண்டும், ஊசியால் தைப்பதுபோலச் செய்வார். ஆஸ்பத்திரி பில்லிலும் பெரும்பங்கை அவர்தான் கட்டினார், எவ்வளவு என்று இன்றுவரை சொல்லவில்லை.

வீட்டுக்குப் போகும் முன்னால் டாக்டரம்மா சட்டங்களைச் சொன்னார். நெய், வெண்ணெய், கொழுப்பு, பாலாடை கிடையாது. ஒரே வேளையில் நிறையச் சாப்பிடாமல் பிரித்துப் பிரித்துச் சாப்பிடவேண்டும். பட்டினி கிடக்கக் கூடாது, அதனால் நோன்பும் கூடாது. சாப்பாட்டோடு ஒரு பொடி சாப்பிடவேண்டும். அது மிருகத்தின் கணையத்திலிருந்து எடுப்பது. "எந்த மிருகம்னு விசாரிச்சுட்டுத்தான் உங்களுக்குத் தருவேன் பாய்" என்று, நான் கேட்பதற்கு முன்னாலேயே சொன்னார். சொன்னபடி மெட்ராசுக்கு எழுதி, மாட்டுக் கணையத்தில் செய்ததை வரவழைத்தார். எங்கள் பள்ளிவாசலில் தொழவைக்கும் அஜரத்திடம் இதைச் சொன்னபோது, "அந்தம்மாவுக்கு நம்ம மேல இருக்குற அக்கறைக்கு துஆ செய்யணும்" என்றார்.

எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டேன். கடைசிச் சட்டம்தான் அடியாக விழுந்தது.

"பண்டாரி வேலை வேணாம் பாய். வேற சோலி பாருங்க."

"ருசி மட்டும்தானேம்மா பாக்கக் கூடாது? ஒரு சொட்டு..."

"உங்க ஒரு சொட்டு ஒரு டம்ளர்னு நீங்களேதான் சொன்னீங்க."

நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தேன். வலி வந்தபோதெல்லாம் இல்லாத பயம் அப்போது வந்தது. இருபது வருஷமாக அடுப்பு முன்னால் நின்றவன் இனிமேல் என்ன, பஜாரில் மப்ளர் விற்பதா? ருசி பார்த்துத் துப்பிவிடலாமே என்று கேட்பீர்கள். கல்யாண வீட்டு அடுப்பு முன்னால் துப்புகிற பண்டாரியை அடுத்த கல்யாணத்துக்கு யார் கூப்பிடுவார்கள்? நாக்கு இல்லாத பண்டாரியாக இருப்பதற்கு அந்த லாரி மூட்டைகளுக்கு நடுவிலேயே போயிருக்கலாம் என்றுகூட நினைத்தேன். இந்த நோய் உள்ளவர்களுக்கு இப்படி ஒரு மத்தியானம் வரும். அது கடந்துபோகும், எழுந்திருக்க அவசரப்படாதீர்கள், ஆனால் எழுந்துவிடுங்கள்.

பாத்துமா ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். உரிப்பதை நிறுத்தாமல் கேட்டாள்.

"ஏங்க, நோம்பு மாசம் முழுக்கப் பள்ளிவாசல்ல கஞ்சி காய்ச்சுறீங்க. ஒரு நாளாவது உப்புப் பாத்துருக்கீங்களா?"

நான் திரும்பினேன்.

"நோம்பு வச்சுக்கிட்டு எப்படிப் பாக்குறது?"

"ஊரே குடிக்குது. உப்பு இல்லன்னு இதுவரைக்கும் யாராவது சொல்லிருக்காங்களா?"

டாக்டரம்மா வாசல்வரை போனவர் நின்றுவிட்டார். "அப்ப எப்படித்தான் சமைக்கிறீங்க?" என்றார்.

யோசித்துப் பார்த்தேன். இவ்வளவு வருஷத்தில் அதை நான் யோசித்ததே இல்லை. அளவு கையில் இருக்கிறது. மசாலாவின் பச்சை வாசம் அடங்கியதை மூக்கு சொல்லும். கொதிக்கிற சத்தம் தடித்தால் நீர் வற்றிவிட்டது. அரிசியை விரலுக்கு நடுவில் நசுக்கினால் போதும். ருசி பார்ப்பது பாதி பழக்கம், மீதி பெரியவருக்காக. இதையெல்லாம் உளறிக்கொட்டினேன். டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

"சரி. வருஷம் பூரா நோன்புன்னு நினைச்சுக்கங்க. வாய்க்குள்ள ஒரு சொட்டு போச்சுன்னா மறுபடி இதே கட்டில்தான்."

வீட்டுக்கு வந்து சீக்கிரமே உடம்பு தேறியது. ஆனால் யாரும் கூப்பிடவில்லை. உப்புப் பார்க்காத பண்டாரியிடம் யார் மகளின் கல்யாணச் சோற்றைக் கொடுப்பார்கள்? கடைசியில் பெரும்பாறை இஸ்மாயில் ராவுத்தர் தன் மகள் கல்யாணத்துக்கு ஆக்கச் சொல்லியனுப்பினார். காப்பி, ஆரஞ்சு வியாபாரம் செய்கிறவர். அவருடைய கல்யாணத்துக்கும் நான்தான் ஆக்கியிருந்தேன், அந்த ருசியை மறக்காதவர். சுல்தான் மச்சான் எனக்கு நாக்காக இருப்பதாகச் சொல்லிக் கிளம்பி வந்தார். வீட்டில் ஒத்திகை பார்த்தபோதே அது சரிவராது என்று தெரிந்துவிட்டது. நான் வேண்டுமென்றே உப்பில்லாமல் வைத்த குழம்பைக் குடித்துவிட்டு, "அருமை மாப்ளே, அருமை" என்று கண்ணீர் விட்டார்.

கல்யாணத்தன்று பெரும்பாறை முழுவதும் மேகம் இறங்கித் தூறிக்கொண்டிருந்தது. கீற்றுப் பந்தலுக்குக் கீழே அடுப்பு. நெய், கறி, மசாலா எல்லாம் கூடி வந்து உலை கொதித்தது. உப்புச் சாக்குக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளினேன். கை நின்றுவிட்டது. உப்பு நமுத்து, கசிந்து கிடந்தது. அப்படிப்பட்ட உப்பில் பாதி தண்ணீராக ஓடிப்போயிருக்கும், என் பழைய பிடி அளவு அதற்குச் சரிவராது. நோன்பு மாசம் மழையில் வந்த ஒரு வருஷம் பள்ளிவாசல் கஞ்சியில் இதே கோளாறு வந்து பட்டுத் தெரிந்துகொண்டது. ஓர் இரும்புச் சட்டியை இன்னொரு அடுப்பில் வைத்து, உப்பைக் கொட்டி, பொரியும்வரை வறுத்து ஆறவிட்டு, அதற்குப் பிறகுதான் பிடி பிடியாக அள்ளிப் போட்டேன்.

இஸ்மாயில் ராவுத்தர் வந்து நின்றார். பின்னால் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவரும் நின்றார்.

"உப்புப் பாருங்க பண்டாரி."

"நான் பாக்க மாட்டேங்க. டாக்டர் உத்தரவு. உங்களுக்கே தெரியும்."

"தெரியும்தான். ஆனா சம்பந்தி நிக்கிறாரு. ஒரு சொட்டுத்தானே?"

என் கை தானாக உள்ளங்கையை விரித்தது. இத்தனை வருஷப் பழக்கம். பந்தல் ஓரத்தில் பெண்களோடு நின்ற பாத்துமாவைப் பார்த்தேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். கையை மூடிக்கொண்டேன்.

"நோம்புக்கு ஆக்குற சோறுன்னு நெனச்சுக்குங்க" என்று சொல்லி, பிஸ்மில்லாவோடு அரிசியைப் போட்டேன். ராவுத்தர் முகம் சுருங்கிப் போனார். அன்றைக்கு வெற்றிலைத் தட்டு தொடப்படாமல் கிடந்தது.

தம் உடைத்ததும் முதல் சஹனை மாப்பிள்ளை வீட்டாருக்குக் கொண்டுபோனார்கள். ஒரே தட்டைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்தார்கள். நான் அடுப்பைவிட்டு நகராமல் காதை மட்டும் அந்தப் பக்கம் வைத்திருந்தேன். முதலில் சத்தமே இல்லை. உப்பில்லாத சோற்றுக்கும் சத்தம் இருக்காது, நல்ல சோற்றுக்கும் சத்தம் இருக்காது, அதனால் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அப்புறம் சம்பந்தியின் குரல் கேட்டது.

"ஏலே, இங்கிட்டு இன்னும் கொண்டாலே! யாரு பண்டாரி?"

இஸ்மாயில் ராவுத்தர் வேகமாக அடுப்படிக்கு வந்து, கரி படிந்த என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். சுல்தான் மச்சான், "நாந்தான் அப்பவே அருமைன்னு சொன்னேன்ல" என்றார், அவர் அன்றைக்கு ஒரு பருக்கையும் ருசி பார்க்கவில்லை. பாத்துமா தூக்குச்சட்டியில் கொண்டுவந்திருந்த என் கஞ்சியைத் திறந்தாள். ராவுத்தர் என்னை அடுப்படியில் சாப்பிட விடவில்லை, பாயில் சம்பந்திக்கு எதிரே உட்காரவைத்தார். அவர்கள் நான் ஆக்கிய பிரியாணியைச் சாப்பிட்டார்கள், நான் கஞ்சி குடித்தேன். ஒருத்தர் முகத்திலும் பரிதாபம் இல்லை. எனக்கு வேண்டியிருந்தது அதுதான்.

அதற்குப் பிறகு அழைப்புக்குக் குறைவில்லை. வலி வருஷத்தில் ஒன்றிரண்டு தடவை வந்து எட்டிப் பார்க்கும். வந்தால் சாப்பாட்டை நிறுத்தி, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, விடாவிட்டால் டாக்டரம்மாவிடம் போய்விடுவேன். நீலம் இன்னும் நீலமாகவே இருக்கிறது. சட்டை உடம்பில் ஒட்டுகிறது. நெய்யின் வாசம் பிடிக்கும்போது ஆசை வராது என்று பொய் சொல்லமாட்டேன், நன்றாக வரும்.

ஒன்றே ஒன்றுதான் மனசில் உறுத்தியது. நோன்பு. ஊரெல்லாம் நோன்பிருக்கும்போது நான் வீட்டுக்குள் ஒளிந்து ரசம் சோறு சாப்பிடுவது. "நோயாளிக்கு ஆண்டவன் குடுத்த சலுகை காதரு, ஒவ்வொரு நோம்புக்கும் ஓர் ஏழைக்குச் சோறு போடு, போதும்" என்று அஜரத்து சொன்னார், அப்படியே செய்தேன். இருந்தாலும் பள்ளிவாசலில் கஞ்சி காய்ச்சி முடித்ததும், நோன்பு திறக்கும் நேரத்துக்கு முன்னால் நைசாக நழுவிவிடுவேன். அந்த வரிசையில் உட்கார எனக்குக் கூச்சம்.

போன நோன்பில் ஒரு நாள். நான் அடுப்புக்கு விறகு எடுக்கப் போய் வந்த நேரத்தில், உதவி செய்வதாக நினைத்து, பாங்கு சொல்லும் மோதினார் கஞ்சியில் உப்பைப் போடப் போனார். போட்டோமா, அல்லது எடுத்து வைத்ததோடு சரியா என்று அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. அவர் போட்டிருந்து நானும் போட்டால் இரட்டை உப்பு. யாருமே போடாவிட்டால் சப்பென்று இருக்கும். வறுத்த உப்பும் மூக்கும் இதற்கு உதவாது. பள்ளிவாசல் நிறைய ஜனங்கள், மண்சட்டிகளோடு காத்திருக்கிறார்கள். எல்லோரும் நோன்பு. ஒருத்தர் நாக்கையும் கடன் கேட்க முடியாது. நோன்பு திறக்கும் பாங்குக்கு நேரம் நெருங்கிவிட்டது.

அஜரத்து வரிசையிலிருந்து எழுந்து அடுப்படிக்கு வந்தார். மோதினாரைப் பார்த்தார், அண்டாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு சிரிப்பு மெல்ல வந்தது.

"காதரு, இந்தப் பள்ளிவாசல்லயே இன்னிக்கு உப்புப் பாக்க முடிஞ்ச ஆளு நீ ஒருத்தன்தான். பாருப்பா."

தேங்காய்ப்பால் இன்னும் ஊற்றவில்லை. வெந்தயமும் பூண்டும் பருப்பும் அரிசியும் மட்டும்தான், எனக்கு ஆகும் கஞ்சி. கரண்டியில் அள்ளினேன். பெரியவர் நிற்க, ஊர் பார்த்துக்கொண்டிருக்க, பண்ணைக்காட்டுக்குப் பிறகு முதல் தடவையாக உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டேன். நக்கினேன். கண்ணை மூடித் திறந்தேன்.

"சரியா இருக்குங்க."

பாங்கு சொன்னார்கள். அன்றைக்கு நான் நழுவவில்லை. என் கஞ்சியை எடுத்துக்கொண்டு போய் அவர்களோடு வரிசையில் உட்கார்ந்து குடித்தேன்.